பிரீமியர் லீக் மட்டும் பார்க்கும் நண்பர்களுக்கு: நாளை மாலை 5 மணிக்கு டெர்பி – ஸ்டோக்

2025 மே 2

அன்புள்ள லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல், செல்சி, சிட்டி ரசிகர்களுக்கு (ஸ்பர்ஸ் ரசிகர்களும் உண்டு, விட்டுவிட்டால் அதுவும் ஒரு கேலியாகிவிடும்),

வணக்கம். இந்த வார இறுதியில் உங்கள் லீக்கில் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பட்டம் முடிந்த கதை. போன ஞாயிறன்று லிவர்பூல் ஸ்பர்ஸை 5-1 என்று அடித்துக் கோப்பையை உறுதி செய்துகொண்டது. கீழே இறங்கும் மூவரும் யாரென்று தெரிந்துவிட்டது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே சவுத்தாம்ப்டன், அப்புறம் லெஸ்டர், அப்புறம் இப்ஸ்விச். மூன்றும் போன வருடம்தான் மேலே ஏறி வந்தவை. அதற்கு முந்தைய வருடமும் இதேதான் நடந்தது: ஏறிய மூன்றும் அப்படியே இறங்கின. ஐரோப்பியப் போட்டிகளுக்குப் போகும் இடம் யாருக்கு என்ற கணக்கு மட்டும் பாக்கி. யுனைடெட் ரசிகர்கள் பில்பாவோவில் கிடைத்த 3-0 வெற்றியை நினைத்துக்கொண்டு லீக் பக்கமே திரும்ப மாட்டீர்கள். யாருக்கும் எந்தப் பயமும் இல்லாத லீக் ஆகிவிட்டது அது.

நாளை பயம் இருக்கும் இடம் டெர்பி நகரம். அங்கே பிரைட் பார்க் மைதானத்தில் டெர்பி கவுன்டியும் ஸ்டோக் சிட்டியும் ஆடுகின்றன. இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்பின் கடைசி நாள் என்பதால் 12 ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். இங்கிலாந்தில் மதியம் 12.30, நமக்கு மாலை 5 மணி. அந்த இரண்டு மணி நேரத்தை இந்த ஆட்டத்துக்குக் கொடுங்கள் என்று கேட்பதற்குத்தான் இந்த மடல்.

நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டம். கடைசி மூன்று அணிகள் மூன்றாம் டிவிஷனான லீக் ஒன்னுக்கு இறங்க வேண்டும். கார்டிஃப் இறங்கியாகிவிட்டது. பிளிமத் 46 புள்ளியோடு காகிதத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. கோல் வித்தியாசம் (போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்த கணக்கு; புள்ளி சமமானால் இதுதான் தீர்மானிக்கும்) படுமோசம், போதாததற்கு நாளை எதிரே நிற்பது பட்டத்துக்கு ஓடும் லீட்ஸ். ஆக, மூன்றாவது ஆள் யார் என்பது மட்டும்தான் கேள்வி. ஹல் 48 புள்ளி. லூட்டன், பிரெஸ்டன், டெர்பி மூன்றும் 49. ஸ்டோக் 50. இந்த ஐந்தில் ஒன்று நாளை மாலை ஏழு மணிக்குள் மூன்றாம் டிவிஷன் கிளப் ஆகிவிடும்.

இனிமேல்தான் சுவாரசியம். டெர்பி ஜெயித்தால் 52, கவலை இல்லை. ஸ்டோக் ஜெயித்தால் 53, கவலை இல்லை. ஆனால் டிரா ஆனால்? ஸ்டோக் 51க்குப் போகும். டெர்பி 50ல் அதற்குக் கீழே நிற்கும். அதோடு ஸ்டோக்குக்கு வேலை முடிந்தது, வேறு எந்த மைதானத்தில் என்ன நடந்தாலும் அது இறங்காது. டெர்பிக்கும் டிரா ஏறக்குறைய போதும். 50 புள்ளியோடு அது இறங்க வேண்டுமென்றால் லூட்டன், ஹல், பிரெஸ்டன் மூன்றும் ஜெயிக்க வேண்டும். அவற்றில் ஒன்று டிரா செய்தாலும் டெர்பி தப்பிக்கும், ஏனென்றால் அதன் கோல் வித்தியாசம் மைனஸ் 8; அந்த மூன்றில் யாருக்கும் இவ்வளவு நல்ல கணக்கு கிடையாது. மேலும் அந்த மூன்றுமே வெளியூரில் ஆடுகின்றன. லூட்டன் வெஸ்ட் பிராமில், ஹல் போர்ட்ஸ்மத்தில், பிரெஸ்டன் பிரிஸ்டல் சிட்டியில்.

தோற்றால்தான் பள்ளம். டெர்பி தோற்று 49லேயே நின்றால், ஹல் ஜெயித்து, லூட்டனும் பிரெஸ்டனும் ஆளுக்கு ஒரு புள்ளி எடுத்தாலே கதை முடிந்தது. ஸ்டோக் தோற்றால் லூட்டனும் ஹல்லும் ஜெயித்து, பிரெஸ்டன் டிராவாவது செய்ய வேண்டும். அப்போது ஸ்டோக்குக்குச் சங்கு. இந்த வாய்ப்பு குறைவுதான். ஆனால் கடைசி நாளில் 'வாய்ப்பு குறைவு' என்ற சொல்லை நம்பி யாரும் நிம்மதியாக உட்கார முடியாது.

ஆக, இரண்டு அணிகளுமே ஆட்டம் தொடங்கும் நொடியில் இருக்கும் நிலையிலேயே ஏறக்குறைய பத்திரமாக இருக்கின்றன. முன்னே போய் அடித்தால் ஆபத்து, சும்மா இருந்தால் லாபம். அப்படிப்பட்ட ஆட்டத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதற்குப் பதில் 1898ல் இருக்கிறது.

அந்தக் காலத்தில் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் தானாக நடக்காது. முதல் டிவிஷனின் கடைசி இரண்டு அணிகளும் இரண்டாம் டிவிஷனின் முதல் இரண்டு அணிகளும் தங்களுக்குள் சில 'டெஸ்ட் மேட்ச்' ஆடி, யார் எங்கே போவது என்று முடிவு செய்வார்கள். 1898 ஏப்ரல் 30 அன்று அந்த வரிசையில் ஸ்டோக்கும் பர்ன்லியும் மோதின, ஸ்டோக்கின் சொந்த மைதானத்தில். டிரா ஆனால் இருவருக்கும் முதல் டிவிஷனில் இடம். என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். 0-0. கோலை நோக்கி ஒருவரும் ஒழுங்காக ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை என்றுதான் அந்த ஆட்டம் வரலாற்றில் பெயர் வாங்கியிருக்கிறது. கடுப்பான கூட்டம், தங்கள் பக்கம் வந்த பந்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டது. வேறு பந்து, அதுவும் போய் வேறு பந்து என்று ஆட்டம் நகர்ந்தது. அந்தக் கேலிக்கூத்துக்குப் பிறகு லீக் நிர்வாகம் டெஸ்ட் மேட்ச் முறையையே தூக்கிவிட்டு, ஏறுவதையும் இறங்குவதையும் புள்ளிப் பட்டியலே தீர்மானிக்கும்படி மாற்றியது. அதாவது, நாளை ஐந்து ஊர்க்காரர்களைத் தூங்கவிடாமல் செய்யும் இந்த விதி பிறந்ததே ஸ்டோக் ஆடிய ஒரு கோலில்லா டிராவால்தான். 127 வருடம் கழித்து, ஏறக்குறைய அதே தேதியில், அதே ஸ்டோக்குக்கு மறுபடியும் ஒரு டிரா போதும்.

வித்தியாசம் ஒன்றுதான். அன்று இருவருக்கும் தங்கள் முடிவு தங்கள் கையிலேயே முழுசாக இருந்தது. நாளை டெர்பிக்கு அப்படி இல்லை. வெஸ்ட் பிராமில் லூட்டன் ஒரு கோல் போட்டால், போர்ட்ஸ்மத்தில் ஹல் முன்னே போனால், பிரிஸ்டலில் பிரெஸ்டன் ஏதாவது செய்தால், இங்கே தூங்கிக்கொண்டிருந்த ஆட்டம் ஒரே நிமிடத்தில் விழித்துக்கொள்ளும். கூட்டத்தில் ஆயிரக்கணக்கான போன்கள். முதலில் ஒரு மூலையில் சலசலப்பு, அப்புறம் மைதானம் முழுக்க. பந்து நடுமைதானத்தில் சும்மா உருண்டுகொண்டிருக்கும்போதே ஜனங்கள் கத்துவார்கள். ஆட்டக்காரர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாது, ஆனால் ஏதோ நடந்தது என்று தெரியும். பிரீமியர் லீக்கில் இந்த வருடம் இப்படி ஒரு காட்சி உங்களுக்குக் கிடைக்கவே இல்லை.

இந்த இரண்டு கிளப்புகளும் சாதாரண ஆட்கள் இல்லை. 1888ல் உலகின் முதல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய 12 கிளப்புகளில் இரண்டும் உண்டு. பிரெஸ்டனும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. முதல் சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்ற கிளப் அது. லூட்டன் நாளை எதிர்கொள்ளும் வெஸ்ட் பிராமும் அப்படியே. டெர்பி இரண்டு முறை இங்கிலாந்து சாம்பியன், 1972லும் 1975லும். அந்த 1972லேயே ஸ்டோக்கும் வெம்பிளியில் செல்சியை 2-1 என்று தோற்கடித்து லீக் கோப்பையை எடுத்தது. அதன் ஒரே பெரிய கோப்பை அதுதான். டெர்பியின் அந்தப் பட்டம் வந்த விதமும் அழகு. பிரையன் க்ளஃபின் அணி தன் ஆட்டங்களை முதலிலேயே முடித்துவிட்டு, ஆட்டக்காரர்கள் மயோர்கா தீவுக்கு உல்லாசமாகக் கிளம்பிப் போய்விட்டார்கள். லீட்ஸும் லிவர்பூலும் கடைசி ஆட்டத்தில் தடுமாற, இவர்கள் விடுமுறையில் இருந்தபடியே சாம்பியன் ஆனார்கள். அடுத்தவர் ஸ்கோரைப் பார்த்துக் காத்திருப்பது அந்த ஊருக்குப் புதிதில்லை.

உங்கள் ஒவ்வொருவருக்கும் இந்த ஆட்டத்தில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். யுனைடெட் ரசிகர்களில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கடன்தான் பெரிசு. ஸ்டோக்கின் மேனேஜர் மார்க் ராபின்ஸ். 1990 ஜனவரியில் அலெக்ஸ் ஃபெர்குசனின் வேலை ஆட்டம் கண்டிருந்தபோது, எஃப்.ஏ. கோப்பையில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக யுனைடெட்டுக்காக ஒரே கோலைத் தலையால் போட்டவர். அந்தக் கோல்தான் ஃபெர்குசனைக் காப்பாற்றியது என்று முப்பத்தைந்து வருடமாகச் சொல்கிறார்கள். காப்பாற்றியதோ இல்லையோ, அந்த வருடம் யுனைடெட் கோப்பை எடுத்தது. அதே ராபின்ஸ்தான் போன வருட ஏப்ரலில் கவென்ட்ரியோடு வெம்பிளிக்கு வந்து, 0-3ல் இருந்து 3-3க்கு இழுத்து உங்களை நடுங்க வைத்தவர். எக்ஸ்ட்ரா டைமின் கடைசி நொடிகளில் கவென்ட்ரி போட்ட கோல், விஏஆர் (வீடியோ நடுவர்) காட்டிய ஒரு மயிரிழை ஆஃப்சைடில் போனது. நவம்பரில் அவரைக் கவென்ட்ரி நீக்கியது. புது வருடத்தன்று ஸ்டோக்குக்கு வந்தார். இந்த சீசனில் அந்தக் கிளப்பின் மூன்றாவது மேனேஜர். ஆகஸ்டில் ஸ்டீவன் ஷூமாக்கர் இருந்தார், செப்டம்பரில் நார்சிஸ் பெலாக் வந்து டிசம்பரில் போனார்.

கவென்ட்ரியில் ராபின்ஸ் இடத்துக்கு வந்தது யார் தெரியுமா? ஃபிராங்க் லாம்பார்ட். செல்சி ரசிகர்களே, மேனேஜராக அவர் முதல் முதலில் உட்கார்ந்த நாற்காலி டெர்பியில். செல்சியிலிருந்து லோனில் வந்த மேசன் மவுன்ட்டும் டொமோரியும் அவரோடு அங்கே ஒரு வருடம் ஆடினார்கள்.

டெர்பியின் மேனேஜர் ஜான் யூஸ்டஸ் கதை இன்னும் வேடிக்கை. ஆட்டக்காரராக ஸ்டோக்குக்கும் ஆடியவர், டெர்பிக்கும் ஆடியவர். 2023 அக்டோபரில் பர்மிங்ஹாமை ஆறாவது இடத்தில் வைத்திருந்தபோது அவரை நீக்கிவிட்டு வெய்ன் ரூனியைக் கொண்டுவந்தார்கள். பர்மிங்ஹாம் அந்த சீசனில் இறங்கியது. (பிறகு ரூனி பிளிமத்துக்குப் போனார். பிளிமத்தின் நிலை மேலே சொன்னதுதான். நான் எதுவும் சொல்லவில்லை.) யூஸ்டஸ் பிளாக்பர்னுக்குப் போய், அதை ப்ளே-ஆஃப் இடத்தில் (மேலே ஏறும் கடைசி வாய்ப்புக்காக மோதும் அணிகளின் இடத்தில்) வைத்திருந்தார். நம் புனேயின் வெங்கீஸ் குடும்பம் வைத்திருக்கும் அதே பிளாக்பர்ன்தான். இந்தப் பிப்ரவரியில் அதை விட்டுவிட்டு, கீழ் மூன்றில் கிடந்த டெர்பிக்கு வந்தார். மேலே இருக்கிற அணியை விட்டுக் கீழே இருக்கிற அணிக்கு எவனாவது போவானா என்று எல்லோரும் சிரித்தார்கள். மார்ச்சில் பிளாக்பர்னையே தோற்கடித்துத் தொடங்கி டெர்பி தொடர்ந்து நான்கு ஆட்டம் ஜெயித்தது. ஈஸ்டரின்போது வெஸ்ட் பிராமில் போய் 3-1 என்று ஜெயித்ததில் அந்த ஊர் மேனேஜர் டோனி மோப்ரேவுக்கு அன்றே வேலை போனது. போன சனிக்கிழமை ஹல்லில் 1-0. அந்த ஒரு வெற்றிதான் டெர்பியை மேலே தூக்கி ஹல்லைக் கீழே தள்ளியது.

லிவர்பூல்காரர்களுக்கு ஸ்டோக் என்றாலே 2015 மே 24 நினைவுக்கு வரும். லிவர்பூலுக்காக ஸ்டீவன் ஜெரார்டின் கடைசி ஆட்டம், 1-6. சிட்டிக்காரர்கள் 2011 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியை மறந்திருக்க மாட்டீர்கள். 35 வருட வறட்சி அன்று ஸ்டோக்கைத் தோற்கடித்துத்தான் முடிந்தது. ஆர்சனலுக்கு ராரி டெலாப் என்ற பெயரே போதும். கைத்துண்டால் பந்தைத் துடைத்துவிட்டு, த்ரோ-இன்னை கார்னர் கிக் மாதிரி எறிந்த அந்த மனிதர் ஸ்டோக்குக்கு வரும் முன்பு டெர்பியில் ஆடியவர். அவர் மகன் லியாம் டெலாப் டெர்பியின் இளையோர் அணியில் வளர்ந்து, பின்னர் ஸ்டோக்குக்கு லோனில் ஆடி, இப்போது இப்ஸ்விச்சில் கோல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, இப்படிப்பட்ட கிளப்புகள் ஏன் இந்தக் கதிக்கு வந்தன? டெர்பியின் வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள 2019 மே மாத வெம்பிளியைப் பாருங்கள். ப்ளே-ஆஃப் இறுதிப் போட்டியில் லாம்பார்டின் டெர்பி ஆஸ்டன் வில்லாவிடம் 1-2 என்று தோற்றது. வில்லா மேலே போனது; இந்த ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் பி.எஸ்.ஜி.யோடு மல்லுக்கட்டியது. டெர்பிக்கு மேலே ஏறுவதற்காகச் செலவழித்த பணம் திரும்பி வரவே இல்லை. முதலாளி மெல் மாரிஸ் 2018ல் பிரைட் பார்க்கைக் கிளப்பிடமிருந்து தன் இன்னொரு கம்பெனிக்கு சுமார் 8 கோடி பவுண்டுக்கு விற்றுக் கணக்கைச் சரிக்கட்டியிருந்தார். அதெல்லாம் எத்தனை நாள் தாங்கும்? 2021 செப்டம்பரில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அதற்கு 12 புள்ளி வெட்டு, கணக்கு வழக்கு விதிமீறலுக்கு இன்னும் 9. மொத்தம் 21. அந்த சீசனில் அப்போதைய மேனேஜர் ரூனியின் பையன்கள் மைதானத்தில் சம்பாதித்தது 55 புள்ளி; பட்டியலில் நின்றது 34. தப்பித்த ரெடிங் எடுத்தது 41தான். உள்ளூர்க்காரரும் கிளப்பின் ரசிகருமான டேவிட் க்ளவுஸ் 2022 ஜூலையில் வாங்கியிராவிட்டால், நாளை ஆடுவதற்கு டெர்பி என்று ஒரு கிளப் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். இரண்டு வருடம் லீக் ஒன்னில் கிடந்துவிட்டு, போன வருடம்தான் பால் வார்ன் தலைமையில் ஏறி வந்தார்கள். பிப்ரவரியில் அந்த வார்னையே வீட்டுக்கு அனுப்பினார்கள், அது வேறு கதை.

ஸ்டோக்கின் மேல் எனக்கு அந்த அளவு இரக்கம் வரவில்லை. பெட்365 என்ற சூதாட்டக் கம்பெனியின் கோட்ஸ் குடும்பம்தான் முதலாளி. பணப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. 2008 முதல் 2018 வரை பத்து வருடம் பிரீமியர் லீக்கில் இருந்தார்கள். மெஸ்ஸியானாலும் குளிரும் மழையும் கொட்டும் ஒரு இரவில் ஸ்டோக்கில் ஆடிக் காட்டட்டும் என்று நீங்கள் இன்னும் மீம் போடுகிறீர்களே, அந்த ஸ்டோக். இறங்கிய பிறகு ஏழு சீசன் ஆகப்போகிறது. ஒருமுறைகூட 14ஆம் இடத்துக்கு மேலே முடித்ததில்லை. திவாலும் இல்லை, புள்ளி வெட்டும் இல்லை, பெரிய ஊழலும் இல்லை. வருடா வருடம் புது மேனேஜர், புதுத் திட்டம், புது ஆட்கள், அதே இடம். டெர்பியைப் பள்ளத்தில் தள்ளியது ஒரு விபத்து என்றால் ஸ்டோக்கை இங்கே கொண்டுவந்தது பழக்கம். இந்த சீசனில் அதிகம் கோல் போட்டுக்கொண்டிருந்த டாம் கேனன் லெஸ்டரிடமிருந்து லோனில் வந்தவர். ஜனவரியில் லெஸ்டர் திருப்பி அழைத்து ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு விற்றுவிட்டது. அடுத்தவன் வீட்டுப் பிள்ளையை நம்பிக் கல்யாணத்துக்கு நாள் குறித்தால் இப்படித்தான்.

விளைவு: 45 ஆட்டத்தில் 45 கோல். டெர்பி 48. இரண்டு பக்கமும் கோல்கீப்பர்கள் ஸ்வீடன்காரர்கள். டெர்பியில் யாகோப் விடெல் செட்டர்ஸ்ட்ராம், ஸ்டோக்கில் விக்டர் யோஹான்சன். தங்கள் தேசிய அணியில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவர்கள். நாளைய ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் இவர்களில் ஒருவராக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். யூஸ்டஸின் டெர்பி அழகாக ஆடாது. பந்தை மேலே தூக்கிப் போட்டு, தெறித்து விழும் பந்துக்கு மோதி, செட்-பீஸில் (ஃப்ரீ கிக், கார்னர் மாதிரி) காரியம் சாதிக்கப் பார்க்கும். ஸ்டோக்கில் கண்ணுக்குக் குளிர்ச்சி என்றால் கொரியப் பையன் பே ஜூன்-ஹோவும் டச்சு விங்கர் மில்லியன் மன்ஹூஃபும்தான். டிரா போதும் என்ற நாளில் ராபின்ஸ் அவர்களுக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுப்பார் என்பது சந்தேகமே.

தரம் இல்லை என்று சொல்வீர்கள். உண்மைதான், பாஸ் தப்பும், கிளியரன்ஸ் ஸ்டாண்டுக்குப் போகும். ஆனால் மே மாதத்தில் எட்டாவது இடமும் பதினொன்றாவது இடமும் மோதும் ஒரு பிரீமியர் லீக் ஆட்டத்தை, உள்ளூர விடுமுறைக்கு டிக்கெட் போட்டுவிட்ட ஆட்டக்காரர்களை, இரண்டு மணி நேரம் பார்க்க உங்களால் முடிகிறது என்றால் இதையும் பார்க்க முடியும். பிரைட் பார்க்கில் சுமார் 33,000 பேர் உட்காரலாம். டெர்பி லீக் ஒன்னில் கிடந்தபோதும் அந்த ஊர்க்காரர்கள் பெரும் கூட்டமாக வந்தார்கள். ஸ்டோக்காரர்கள் ஏ50 சாலையைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுவார்கள். பக்கத்து ஊர்ப் பகை வேறு. டெர்பியின் உண்மையான எதிரி நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்தான், அது மேலே சாம்பியன்ஸ் லீக் இடத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த எரிச்சலும் நாளைய சத்தத்தில் சேரும்.

என் கணிப்பு 1-1. ஹல் கீழே போகும் என்று நினைக்கிறேன், போர்ட்ஸ்மத்தில் ஜெயிப்பது சுலபமில்லை. லூட்டன் தப்பிக்கும், ஆனால் எப்படியோ. இரண்டு வருடம் முன்பு இதே மே மாதத்தில் ராபின்ஸின் கவென்ட்ரியை பெனால்ட்டியில் தோற்கடித்துப் பிரீமியர் லீக்குக்குப் போன லூட்டன் நாளை லீக் ஒன்னுக்கு இறங்கினால், அது அடுத்தடுத்த இரண்டு சீசனில் இரண்டு படி. அந்த ஆட்டத்தையும் ஓரக்கண்ணால் பாருங்கள்.

5.30க்கு ஒன்றும் நடக்கவில்லையே என்று சேனலை மாற்ற நினைத்தால் மாற்றிக்கொள்ளுங்கள், கோபம் இல்லை. ஆனால் 6.30க்குத் திரும்பி வாருங்கள். கடைசி கால் மணி நேரம் அப்போதுதான் தொடங்கும். மற்ற மூன்று ஸ்கோரும் கையில் இருக்கட்டும். அதற்குள் இரண்டில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. நான் டெர்பி பக்கம்.

இப்படிக்கு,
சாம்பியன்ஷிப் பார்க்கும் ஒருவன்